இல்லாத ஊருக்கு வழி

இல்லாத ஊருக்குப் போகாத வழி சொல்வது என்று ஒரு பேச்சு நம்மிடையே உண்டு. வீண் வேலை செய்பவரை இகழ்வதற்கு அதைச் சொல்வார்கள். சென்ற ஆண்டு ஆறு திங்கள் அந்த வேலையைத்தான் நான் செய்தேன். பல்கலைக் கழகம் அதற்கு மதிப்பெண்ணும் தந்தது. அவ்வேலை இன்னது, அதை எவ்வாறு செய்வது, அதில் நான் எங்கெங்கே வழுக்கினேன் என்பவற்றை நம் சங்கத் தோழர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை எழுதுகிறேன்.

நான் இயற்பியல் முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவன். நம் துறைக்கு வெளியே ஒரு பாடம் பயில வேண்டும் என்பது இப்போதைய விதி. நண்பர்கள் பொருளியலுக்கும் கணினிக்கும் சென்றார்கள். நான் ஓவியத் துறைக்குச் சென்றேன். காரணம் பெரிதன்று, என் அறைத் தோழர் அங்கே பயில்கிறார். என்னினும் இரண்டாண்டு இளையவர். என்னை 'அண்ணா' என்பார், நான் 'தம்பி' என்பேன். "அண்ணா, நேர்கோடு போடத் தெரிந்தால் போதும், வாருங்கள்" என்றார். நம்பிப் போனேன்.

பாடத்தின் பெயர் புனைவுச் சூழல் வடிவமைப்பு. அசைவுப் படங்களுக்கும் கணினி விளையாட்டுகளுக்கும் நாடக மேடைக்கும் கதை நிகழும் இடம் ஒன்று வேண்டும். அவ்விடம் உலகில் இல்லாததாக இருக்கலாம். ஆனால் பார்ப்பவர் 'இங்கே மனிதர் வாழ்கின்றனர்' என்று நம்ப வேண்டும். அதற்காக ஓவியர்கள் பழைய நாகரிகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் கட்டடம், நீர், உடை, கருவி எல்லாவற்றையும் கற்று, அதன் சாயலில் புதிய ஊர் ஒன்றை வரைவார்கள். எகிப்தையும் உரோமையும் எடுத்தவர் மிகப் பலர். எங்கள் வகுப்பிற்குச் சிந்துவெளி நாகரிகம் தரப்பட்டது. குசராத்தில் இருந்துகொண்டு வேறு எதைத் தருவார்கள்? லோத்தலும் தோலாவிராவும் இம்மாநிலத்திலேயே உள்ளன.

எனக்கோ ஒரே மகிழ்ச்சி. ஏனெனில் சிந்துவெளியைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் எண்ணியிருந்தேன். தமிழ்ப் பிள்ளைகளுள் யார்தான் அப்படி எண்ணுவதில்லை! ஒரே இரவில் ஓர் ஊரை வரைந்து முடித்தேன். நடுவே வானளாவிய அரண்மனை, அதன்முன் வளைவு வாயில், வாயிலில் குதிரை வீரர், மாடங்களில் கொடிகள், சுற்றிலும் செங்கல் மதில், மதிலுக்கு வெளியே பசுமைக்காக முள்மரங்கள். பொன்னிறத்தில் மாலை வெயிலும் பூசினேன்.

ஆசிரியர் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "இந்த ஊரில் காலையில் எழுகிறவன் முகம் கழுவ எந்தப் பக்கம் நடப்பான்?" நான் விழித்தேன். "சரி, முகம் கழுவிய நீர் எங்கே போகும்?" அதற்கும் விழித்தேன். 20க்கு 6 போட்டுத் தாளைத் திருப்பித் தந்துவிட்டார்.

நண்பர்களே, என் படத்தில் இருந்த பிழைகளை நான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. சிந்துவெளி நகரங்களில் இதுதான் அரண்மனை என்று ஐயமின்றிக் காட்டத்தக்க கட்டடம் இதுவரை கிட்டவில்லை. கோயிலும் அப்படியே. இரும்பு இல்லை. முத்திரைகளில் எருது உண்டு, யானை உண்டு, காண்டாமிருகம் உண்டு, புலி உண்டு; குதிரை இல்லை. வளைவு வாயிலைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன். அது ஒரு தனிக்கதை.

எனக்கு மிகவும் நாணத்தைத் தந்தவை அந்த முள்மரங்கள். கச்சுப் பகுதியின் இன்றைய நிழற்படங்களைப் பார்த்து அவற்றை வரைந்தேன். எந்தப் படத்தைத் திறந்தாலும் அம்மரமே நிற்கிறது. தம்பிதான் பார்த்துவிட்டு, "அண்ணா, இது நம் ஊர்ச் சீமைக் கருவேலம் அல்லவா?" என்றார். ஆம், அதேதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து அண்மைக் காலத்தில் கொணரப்பட்டு, இராமநாதபுரத்தையும் கச்சையும் ஒன்றுபோலக் கவிந்துகொண்ட மரம். நாலாயிரம் ஆண்டுக்கு முந்திய நகரத்திற்கு அதை நான் வேலியாக்கி வைத்திருந்தேன்! பெயரிலேயே 'சீமை' என்று எழுதி ஒட்டியிருந்தும் எனக்குத் தோன்றவில்லை. பழைய ஊரை வரையப் புகுவோர் முதலில் செய்ய வேண்டுவது களைபிடுங்குதல் என்று அன்று அறிந்தேன். மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், பப்பாளி ஆகியவற்றையும் சந்தைக் காட்சியிலிருந்து நீக்கினேன். கோதுமை, வாற்கோதுமை, எள், பருத்தி, பேரீச்சை ஆகியவற்றை வைத்தேன்.

நிற்க. சிந்துவெளி என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். 1921இல் அரப்பாவிலும் 1922இல் மொகஞ்சதாரோவிலும் அகழாய்வு தொடங்கிற்று. 1924இல் சான் மார்சல் அதை உலகிற்கு அறிவித்தார். அன்று முதல் நம் மனத்தில் பதிந்துவிட்ட படம் மொகஞ்சதாரோவின் படம். சுட்ட செங்கல்லின் படம். ஆனால் அந்நாகரிகம் ஓர் ஊரன்று. தோலாவிரா பெரும்பாலும் கல்லாலும் சுடாத மண் கல்லாலும் ஆன ஊர். மொகஞ்சதாரோவில் பல வீடுகளில் கிணறு. அறிஞர் கணக்குப்படி ஏறத்தாழ 700 கிணறுகள். தோலாவிராவோ மழைநீரைப் பெருங்கேணிகளில் தேக்கி வாழ்ந்தது. இரண்டையும் கலந்து வரைந்தால் மதுரையையும் மாமல்லபுரத்தையும் கலந்து வரைந்தது போலாகும். ஆகவே ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நான் தோலாவிராவைத் தேர்ந்தேன். என் புனைவு ஊருக்கு 'ஏழ்கேணி' என்று பெயரும் வைத்தேன்.

தோலாவிரா எங்கே உள்ளது? கச்சின் உப்புவெளி நடுவே காதிர் என்னும் தீவுத் திடலில் உள்ளது. 1960களின் பிற்பகுதியில் செகத்பதி சோசி அதைக் கண்டார். 1990ஐ ஒட்டித் தொடங்கி ஆர். எசு. பிசுட்டு பல்லாண்டு அகழ்ந்தார். 2021இல் யுனெசுகோ அதை உலகப் பாரம்பரியக் களமாக ஏற்றது. நகரின் வெளிமதில் ஏறத்தாழ 771 மீட்டர் நீளமும் 617 மீட்டர் அகலமும் உடையது. வகுத்துப் பார்த்தால் ஐந்துக்கு நான்கு. உள்ளே உயர்ந்த கோட்டை, அதையடுத்து நடு நகர், கிழக்கே கீழ் நகர். கோட்டைக்கும் நடு நகருக்கும் இடையே 283 மீட்டர் நீளமுள்ள வெற்றுத் திடல் ஒன்று. அங்கே விழா நடந்ததோ, சந்தை கூடிற்றோ, இரண்டுமோ! வரைபவனுக்கு இத்தகைய வெற்றிடம் பெரும்பேறு.

ஆசிரியரின் முதற் கேள்விக்கு இப்போது வருவோம். நீர் எங்கே? நகரின் இருமருங்கும் மன்சர், மன்கர் என்னும் இரு சிற்றோடைகள். மழைக்காலத்தில் மட்டும் ஓடுபவை. அவற்றைக் குறுக்கே அணை கட்டி மடக்கி, மதிலுக்குள் கேணிகளில் நிரப்பினர். கிழக்கே உள்ள கேணி ஏறத்தாழ 73 மீட்டர் நீளம், 29 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழம். உள்ளே இறங்கப் படிகள். மொகஞ்சதாரோவின் புகழ்பெற்ற பெருங்குளம் 12 மீட்டருக்கு 7 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இயற்பியல் மாணவனுக்கு எண் கிடைத்தால் கை சும்மா இராது. மூன்றையும் பெருக்கினேன். 21,000 கன மீட்டர். அஃதாவது 2 கோடியே 10 லட்சம் லிட்டர். கரை சரிந்திருப்பதால் உண்மையில் இதனினும் குறையும். இவ்வூர்ப்புறத்தில் ஆண்டு மழை இன்று ஏறத்தாழ 300 மில்லிமீட்டர். சில ஆண்டு அதுவும் பொய்க்கும். பெய்யும் மழை முழுதும் ஓடி வந்தாலும் அக்கேணி நிரம்ப 7 எக்டேர் நிலம் வேண்டும். மண் குடித்தது போகக் காற்பங்கே வரும் என்றால் 28 எக்டேர். மதிலுக்குள் இருக்கும் நிலம் எல்லாம் சேர்த்தே 48 எக்டேர்தான். ஒரு கேணிக்கே இப்படி என்றால் ஏழு கேணிக்கு? கூரையில் விழும் நீரையும் தெருவில் விழும் நீரையும் மட்டும் நம்பி வாழ முடியாது. ஓடையை மடக்கியே ஆக வேண்டும். கோடை வெயில் ஆண்டுக்கு இரண்டு மீட்டர் ஆழ நீரைக் குடித்துவிடும் என்று வைத்துக்கொண்டேன். எஞ்சிய எட்டு மீட்டரை ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 20 லிட்டர் என்று 2,000 பேருக்கு அளந்தால், ஓராண்டு கழியும், அடுத்த மழை சற்றுத் தாழ்ந்தாலும் தாங்கும், ஈராண்டு தாங்காது.

இக்கணக்கு முடிந்தவுடன் ஊர் தானே எழுந்து நின்றது எனலாம். அணையை யார் காப்பார்? மதகை யார் திறப்பார்? எந்தக் கேணி குடிக்க, எந்தக் கேணி மாட்டுக்கு? மழை பொய்த்த ஆண்டில் யார் முதலில் ஊரை விட்டுப் போவார்? என் முதற் படத்தில் நடுவே அரண்மனை நின்றது. இரண்டாம் படத்தில் நடுவே ஒரு மதகும், அதன் பக்கத்தில் ஒரு நிறைகோல் கொட்டகையும் நின்றன. அரசனை நான் நீக்கிவிட்டேன். மதகின் சாவியும் எடைக்கல்லும் எவரிடம் உள்ளனவோ அவரே ஏழ்கேணியில் பெரியவர்.

எடைக்கல் என்றேன். சிந்துவெளியின் எடைக்கற்களைப் போல் எனக்குப் பிடித்தது அந்நாகரிகத்தில் வேறொன்றும் இல்லை. கெட்டியான கல்லில் செதுக்கிய கனசதுரங்கள். எழுத்தில்லை, பூ வேலையில்லை. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு என இரட்டித்துச் செல்பவை. அவற்றுள் பதினாறாம் கல் ஏறத்தாழ 13.7 கிராம். இந்த ஏழு கற்களையும் வைத்துக்கொண்டு ஒன்று முதல் 127 வரை எந்த எடையையும் நிறுக்கலாம். இன்றைய கணினி எண்ணும் முறையும் இதுவேயன்றோ? அதற்காக அவர்கள் கணினி கண்டார்கள் என்று மார்தட்ட வேண்டியதில்லை. கடைக்காரனுக்குக் கல் குறைவாக இருந்தால் சுமை குறைவு, அவ்வளவே.

பாட்டியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. என் பாட்டனார் இராமநாதபுரச் சீமையிலிருந்து அகமதாபாத்து நூலாலைக்கு வேலைக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது மணிநகரில். பாட்டியின் ஊரைப் பத்து வயதில் ஒருமுறை பார்த்ததோடு சரி. ஆனால் அவ்வூர் ஊருணியைப் பற்றி அவர் சொன்னவை மனத்தில் உள்ளன. குடிநீர் ஊருணியில் எவரும் கால் கழுவக் கூடாது. மாட்டை இறக்கக் கூடாது. துணி துவைக்க வேறு குளம். குடத்தோடு வரும் பெண்கள் ஒரு வழியாக இறங்கி மறு வழியாக ஏறுவர். கோடையில் நீர் வற்றினால் நடுவே ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப இரவெல்லாம் காத்திருப்பர். நாலாயிரம் ஆண்டுக்கு முந்தியவர் அப்படியே செய்தனர் என்று நான் சொல்லவில்லை. மழைநீரை நம்பிய ஊரில் மக்கள் எப்படி நடப்பர், எங்கே நிற்பர், எதற்குச் சண்டையிடுவர் என்பதைப் பாட்டியிடமிருந்து எடுத்துக்கொண்டேன். ஏழ்கேணியின் படிகளில் குடம் வைத்த வட்டத் தடங்களை வரைந்தது அவரால்தான்.

அடுத்தது வெயில். என் முதற் படத்தில் பொன்வெயில் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவியிருந்தது. "உன் ஊருக்கு எத்தனை ஞாயிறு?" என்று ஆசிரியர் கேட்டார். இயற்பியல் பயில்பவனை அப்படிக் கேட்டால் பொறுக்க முடியுமா? சென்ற மார்கழியில் தம்பியும் நானும் ராப்பர் வழியாகப் பேருந்தில் தோலாவிராவுக்கே சென்றோம். ஒரு மீட்டர்க் கோலையும் நூல் குண்டையும் எடுத்துச் சென்றேன். அங்கே உச்சிப்பொழுது நம் கடிகாரத்தில் 12 மணிக்கு வாராது. அவ்வூர் மேற்கே தள்ளியிருப்பதால் 12.45க்கு மேலாகும். அந்நேரத்தில் கோலின் நிழல் 108 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அளந்தேன், 109 வந்தது. கோல் சற்றே சாய்ந்திருக்கலாம். உப்புவெளிக் காற்று அப்படி.

இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. தோலாவிரா கடகக் கோட்டிற்கு மிக அண்மையில், சற்றே வடக்கில் உள்ளது. ஆனால் பூமியின் அச்சுச் சாய்வு எக்காலத்தும் ஒன்றாக நிற்பதில்லை. இன்று ஏறத்தாழ 23.4 பாகை, 4,500 ஆண்டுக்கு முன்னர் 24 பாகையை ஒட்டியிருந்தது. ஆகவே அந்நகர் செழித்திருந்த காலத்தில் கடகக் கோடு ஏறக்குறைய அதன் தலைமேலேயே சென்றது! ஆண்டில் மிக நீண்ட பகலில் உச்சிப்பொழுதுக்கு அவ்வூர்ச் சுவர்களுக்கு நிழலே இராது. மூன்று மீட்டர்ச் சுவரின் நிழல் ஒரு விரல் அகலம்கூட வாராது. அதே சுவர் மார்கழி உச்சியில் மூன்றேகால் மீட்டருக்கு மேல் நிழல் தரும். கிழக்கு மேற்காக ஓடும் இரண்டு மீட்டர் அகலச் சந்தாயின், தெற்குச் சுவரின் நிழல் தரை முழுதும் மூடி, எதிர்ச் சுவரிலும் ஒன்றேகால் மீட்டர் வரை ஏறி நிற்கும். அந்தச் சந்தில் குளிர்காலம் முழுதும் தரையில் உச்சி வெயில் படாது. ஊர்க் கிழவர் குளிர்காய எங்கே உட்காருவர்? திடலின் வடக்கோரச் சுவரில். ஆகவே அங்கே ஒரு திண்ணை போட்டேன். கோடையில் அதே திண்ணை வெறிச்சோடிக் கிடக்கும், நாய்கூடப் படுக்காது. மார்கழிக்கு ஒரு படமும் ஆனிக்கு ஒரு படமும் வரைந்தேன். 'பிளெண்டர்' என்னும் கணினி நிரலில் இடத்தையும் நாளையும் கொடுத்தால் நிழலை அதுவே போட்டுத் தருகிறது. ஆனாலும் ஒருமுறை கையால் கணக்கிட்டுப் பாருங்கள். ஏன் என்று கேட்காதீர்கள், செய்தால் தெரியும்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அது தம்பியின் பங்கு. செம்மண் பூச்சின்மேல் கருங்கோலமிட்ட பானை, சுட்டு வெண்மையாக்கிய மாக்கல் முத்திரை, சங்கு வளையல், சூதுபவள மணி ஆகியவற்றிலிருந்தே ஊரின் நிறம் முழுதும் அவர் எடுத்தார். சூதுபவளத்தைத் தீயில் சூடேற்றினால்தான் அந்தச் சிவப்பு வரும். காம்பாத்தில் இன்றும் அக்கல்லைச் சூடேற்றி மணி செய்கின்றனர். நாங்கள் பார்த்தோம்.

இனி வளைவு வாயில். அறிந்தவரை அந்நகரத்தார் வாயிலுக்கு வளைவு கட்டவில்லை. சாக்கடைகளை மூடுவதற்குச் செங்கல்லை வரிசைக்கு வரிசை சற்றே முன்தள்ளி இரு பக்கமும் கூடுமாறு அடுக்கினர். அது வளைவுபோல் தோன்றும், வளைவன்று. ஒவ்வொரு கல்லும் தன் கீழ்க்கல்லின்மேல் படுத்திருக்கிறதேயன்றி, பக்கத்துக் கல்லைத் தள்ளி நிற்பதில்லை. ஆகவே என் வாயிலை அழித்தேன். அழித்த பிறகு மொகஞ்சதாரோக் கிணறுகளைப் பற்றிப் படித்தேன். அவற்றை ஆப்பு வடிவச் செங்கற்களால் வட்டமாகக் கட்டினார்கள். வெளிமண் உள்ளே அழுத்த, கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். தோழர்களே, அது என்ன? படுத்துக் கிடக்கும் வளைவு! அதை நிமிர்த்திப் பாதியாக வெட்டினால் வாயில் வளைவு. கையில் எல்லாம் இருந்தும் அவர்கள் நிமிர்த்தவில்லை போலும்.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. ஏழ்கேணியில் ஒரு கிணற்றுக் கொத்தன் அதை நிமிர்த்திவிட்டால்? ஊர் முழுதும் மர உத்தரம் வைத்த சதுர வாயில்கள். ஒன்றே ஒன்று மட்டும் அரைவட்டம், பாதிக் கிணறு. அதன் கீழ்ப் போக மக்கள் அஞ்சுவர். பொதிமாட்டுக்காரர் சுற்று வழியில் செல்வர். பிள்ளைகள் மட்டும் ஓடி ஓடி நுழைவர். இதை வரைந்து காட்டியபோது ஆசிரியர் முதன்முறையாகத் தாளைத் திருப்பித் தராமல் தம்மிடமே வைத்துக்கொண்டார். "முதலில் வளைவைக் கடன் வாங்கினாய், இப்போது சம்பாதித்திருக்கிறாய்" என்றார். புனைவுக்கு உரிமை இல்லை என்பதன்று. பழையவர் கையில் இருந்த ஒன்றிலிருந்து அது முளைக்க வேண்டும். வேற்றூரிலிருந்து வெட்டி ஒட்டினால் சீமைக் கருவேலம்தான்.

கடைசியாக எழுத்து. இதைச் சொல்லாமல் விட்டால் சங்கத்தில் பலர் என்னை மன்னிக்க மாட்டார்கள். சொன்னாலும் சிலர் மன்னிக்க மாட்டார்கள்.

தோலாவிராவின் வடக்கு வாயிலருகே பத்துக் குறிகள் கொண்ட பலகை ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு குறியும் ஏறத்தாழ 37 சென்டிமீட்டர் உயரம். வெண்ணிறக் கனிமத் துண்டுகளை மரப் பலகையில் பதித்துச் செய்தது. மரம் மக்கிப் போயிற்று. குறிகள் மட்டும் கிடந்தன. என் ஊரின் வாயிலிலும் அத்தகைய பலகை ஒன்றை வைத்தேன். படத்தைப் பொங்கல் கண்காட்சியில் வைக்கச் சங்கத்தார் கேட்டனர். ஆறடி நீளப் படம். வெற்றாக இருந்த பலகையைப் பார்த்ததும், "தமிழ் எழுத்தைப் போடு, நம் நகரம்தானே!" என்றனர். தமிழிப் பழைய எழுத்தில் 'ஏழ்கேணி' என்று எழுதித்தர ஒருவர் ஆயத்தமாக நின்றார். தம்பியும், "போடுங்கள் அண்ணா, ஊரிலிருந்து வருகிற பெரியவர்கள் மகிழ்வார்கள்" என்றார்.

எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. மணிநகர்ப் பள்ளியில் நான் 'மதராசி'. பாட்டியின் ஊருக்குப் போனால் 'குசராத்திப் பையன்'. நான் பிறந்த மண்ணில் நாலாயிரம் ஆண்டுக்கு முன் என் மொழி வழங்கியது என்று ஒரு பலகை சொல்லுமானால், என் பங்குக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? தூரிகையைக் கையில் எடுத்தும் விட்டேன்.

ஆனால் தெரிந்தது என்ன? அவ்வெழுத்து இதுவரை படிக்கப்படவில்லை. ஐராவதம் மகாதேவன் 1977இல் குறிகளை எல்லாம் தொகுத்து 417 என்று வரிசைப்படுத்தினார். அதன் மொழி திராவிடத்தைச் சார்ந்தது என்பது அவர் கருத்து. பின்லாந்து அறிஞர் அசுகோ பர்போலாவின் கருத்தும் அதுவே. வலுவான கருத்துத்தான், ஆயினும் கருத்தே. அது மொழியெழுத்தே அன்று என்று 2004இல் வாதித்தவரும் உளர். 2009இல் ராசேசு ராவும் மகாதேவன் உள்ளிட்ட அவர்தம் தோழர்களும் குறிகளின் அடுக்கு ஒழுங்கைக் கணக்கியலால் அளந்து, அது மொழியின் ஒழுங்கையே ஒத்திருக்கிறது என்றனர். அதற்கும் மறுப்பு எழுந்தது. 2025 சனவரியில் தமிழ்நாட்டு முதலமைச்சர், படித்துக் காட்டுவோர்க்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தார். படித்து முடித்த ஒன்றுக்கு எவரும் பரிசு அறிவிப்பதில்லை. தமிழியோ அந்நகரங்கள் மறைந்து ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பின்னரே வருகிறது. அதை அப்பலகையில் எழுதினால் நான் வரைந்த நிழலும் அளந்த நீரும் எல்லாம் பொய்யாகத் தோன்றும். 'புனைவு ஊர்தானே, என்ன கெட்டுவிடும்?' என்றார்கள். கண்காட்சிக்கு வரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அது புனைவு என்று அறியுமா? வீட்டிற்குப் போய், தோலாவிராவில் தமிழ்ப் பலகை உள்ளது என்று சொல்லும். எட்டாம் வகுப்பில் யாரேனும் அதை மறுப்பர். அதன்பின் அப்பிள்ளை மகாதேவனையும் நம்பாது. இதுதான் எனக்கு அச்சம்.

மாட்டேன் என்றேன். இரண்டு வாரம் சங்க அறையில் என்னோடு முகம் கொடுத்துப் பேசியவர் மூவர். ஒருவர், "நீ தமிழனா?" என்றே கேட்டுவிட்டார். அவர் பெயர் இங்கே வேண்டா. பிறகு அவரே படத்தைச் சுமந்து வந்து மாட்டினார்.

வழி காட்டியவர் தம்பி. "அண்ணா, பலகையை ஏன் முன்னாலிருந்து வரைகிறீர்கள்? வாயிலுக்கு உள்ளேயிருந்து வரையுங்கள்" என்றார். அப்படியே செய்தேன். இப்போது படம் பார்ப்பவர் பலகையின் பின்புறத்தைப் பார்க்கிறார். மரச் சட்டமும் முளைகளும் கட்டிய கயிறும் தெரிகின்றன. அதற்கு அப்பால், பாதிக் கிணற்று வாயிலின் கீழே, ஊருக்கு வந்தவர் கூட்டம் நின்று அண்ணாந்து படிக்கிறது. சுமை தலையில் ஒருத்தி வாயசைத்துப் படிக்கிறாள். ஒரு கிழவர் கண்ணைச் சுருக்குகிறார். ஒரு சிறுவன் எழுத்தைப் பார்க்காமல் நம்மைப் பார்க்கிறான். அவர்களுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று தெரிகிறது, நமக்குத்தான் தெரியவில்லை.

பாடத்தில் எனக்கு 20க்கு 15 கிடைத்தது. ஐந்து ஏன் குறைந்தது என்று கேட்டேன். சாக்கடை ஓரிடத்தில் மேட்டை நோக்கி ஓடுகிறதாம்! பார்த்தேன், ஓடத்தான் செய்கிறது. படம் இப்போது சங்க அறையின் மேற்குச் சுவரில் தொங்குகிறது. பிழையைத் திருத்தவில்லை, எங்கே என்று கண்டுபிடிப்பவர்க்குத் தேநீர் என் செலவு. வரும் மார்கழியில் தோலாவிரா செல்ல எண்ணுவோர் என் அறைக்கு வந்து மீட்டர்க் கோலை வாங்கிக்கொள்ளலாம். நூல் குண்டு தம்பியிடம் உள்ளது.